கதவு திறந்தது, கார் ஓடவில்லை

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு வியாழன் இரவு. மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிளைக் கிராமத்தில் மூதாட்டி ஒருவர் மரணத் தறுவாயில் இருப்பதாகத் தகவல் வந்தது. நோயில்பூசுதலுக்கான எண்ணெயை எடுத்துக்கொண்டு யாம் காரினிடம் விரைந்தோம். சாவியிலிருந்த பொத்தானை அழுத்தினோம், கதவு திறந்தது. சாவியை இட்டுத் திருப்பினோம். இயந்திரம் ஒரு கணம் உறுமி, மறுகணம் அடங்கிவிட்டது. நான்கு முறை முயன்றும் அதே கதை. ஸ்டியரிங்கின் முன்னே சாவி வடிவில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

முகப்பு விளக்குகள் பளிச்சென எரிந்தன. எனவே காரின் பேட்டரியில் குறையில்லை. பெட்ரோலும் போதிய அளவு இருந்தது. அப்போது எமது நினைவுக்கு வந்தவர் கோயிற்பிள்ளை. அன்று மாலை காரைக் கழுவியவர் அவரே.

"சாவியை நனைத்துவிட்டீரா?" என்று கடிந்துகொண்டோம்.

"இல்லை சாமி. கழுவி முடித்துக் கொட்டகைக்குள் ஓட்டி நிறுத்தியதும் நான்தானே? அப்போது நன்றாக ஓடியதே" என்றார்.

அந்தப் பதிலில் உண்மை முழுவதும் அடங்கியிருந்தது. ஆனால் கேட்கும் மனநிலையில் யாம் இல்லை. கடுஞ்சொற்கள் இரண்டு எம் வாயினின்று புறப்பட்டன. அவர் மறுமொழி கூறாது உள்ளே சென்று, தம்முடைய பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏறிக்கொள்ளுங்கள் சாமி, நேரமாகிறது" என்றார். யாம் போய்ச் சேர்ந்தபோது மூதாட்டிக்கு நினைவு இருந்தது. விடியுமுன் அவர் இறைவனடி சேர்ந்தார்.

மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். அவர் காரைத் தொடவேயில்லை. "இன்னொரு சாவி இருக்கிறதா?" என்பதே அவருடைய முதற் கேள்வி. பீரோவில் திருமணப் பதிவேடுகளுக்கு அடியில் அது கிடந்தது. அதை இட்டுத் திருப்பியவுடன் கார் உயிர்பெற்றது. "கோளாறு காரில் இல்லை, சாவியில்தான்" என்றவர், எமது சாவியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதன் கூட்டை யார் மாற்றியது?" என்றார்.

மாற்றியவர் யாமே! பழைய பிளாஸ்டிக் கூடு விரிசல் கண்டிருந்தது. சந்தையில் புதியதொன்று வாங்கி, வியாழன் அந்தி மயங்கியபின் எமது மேசைமீதே வைத்து, உள்ளிருந்த மின்தகட்டையும், பொத்தான் பேட்டரியையும், சாவித் தண்டையும் எம் கையாலேயே இடம்மாற்றினோம். கதவு திறந்ததைக் கண்டு, வேலை முடிந்ததென மகிழ்ந்தோம்.

மெக்கானிக் விளக்கியதை வாசகர்களும் அறிந்துகொள்வது நலம். இத்தகைய சாவி இரண்டு வேலைகளைச் செய்கிறது. கதவைத் திறப்பது ரேடியோ அலை. அதற்குப் பேட்டரி வேண்டும். எமது சாவியிலிருந்தது 2032 என்னும் வகை. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். இயந்திரத்தை ஓடவிடுவதோ இம்மொபிலைசர் என்னும் காவலன். சாவித் துவாரத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள் ஒன்று உண்டு. சாவியினுள் டிரான்ஸ்பாண்டர் என்னும் சிறு சில்லு உண்டு. அதற்குப் பேட்டரி தேவையில்லை. கம்பிச்சுருளே அதற்கு ஆற்றல் தருகிறது. சில்லு தன் அடையாளத்தைச் சொல்லும். காரின் கணினி அதை ஏற்றால்தான் இயந்திரம் தொடர்ந்து ஓடும். திருட்டைத் தடுக்க வந்த இந்த ஏற்பாடு, பிரிட்டனில் 1998 அக்டோபர் முதல் புதிய பயணிகள் கார்களுக்குக் கட்டாயமாயிற்று.

ஆகவே, கதவு திறக்காமல் இயந்திரம் மட்டும் ஓடினால், முதலில் சாவியின் பேட்டரியைப் பாருங்கள். கதவு திறந்தும் இயந்திரம் நின்றுபோய்ச் சாவி விளக்கு சிமிட்டினால், மாற்றுச் சாவியால் முயலுங்கள். கூடு மாற்றும்போது பழைய கூட்டின் மூலைமுடுக்கெல்லாம் தேடுங்கள். பல சாவிகளில் அச்சில்லு மின்தகட்டில் இராது. கூட்டிலேயே தனியே செருகப்பட்டிருக்கும்.

எமது பழைய கூடு குப்பைக்கூடைக்குப் போயிருந்தது. கூடையைக் கவிழ்த்தோம், அங்கே அது இல்லை. கோயிற்பிள்ளை தயங்கித் தயங்கி வந்து, "பேரன் விளையாடட்டும் என்று எடுத்துப்போனேன் சாமி" என்று சட்டைப் பையிலிருந்து அதை நீட்டினார். அதன் ஓரத்தில், கரித்துண்டு போல, விரல் நகத்தில் பாதியளவுகூட இல்லாத அந்தச் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் புதிய கூட்டில் பொருத்தியதும் சாவி சரியாயிற்று.

மாற்றுச் சாவி அந்த இரவிலும் பீரோவில்தான் இருந்தது. பத்தடி நடந்திருந்தால் போதும். ஆயினும் அது எமது நினைவுக்கே வரவில்லை. காரணம் எளிது. குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று எண்ணிய மனம், கோளாறைத் தேடுவதை அத்துடன் நிறுத்திவிட்டது. வீட்டில் ஒரு பொருள் பழுதானால், "யார் செய்தது?" என்ற கேள்விதான் நம் எல்லாருடைய நாவிலும் முந்திக்கொண்டு வருகிறது; "எப்போதுவரை நன்றாக இருந்தது?" என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால், மொபெட்டுக்குச் சொந்தக்காரர் அன்றிரவே விடை சொல்லியிருப்பார். உண்மையில், யாம் கேளாமலே அவர் சொன்னார்.

மெக்கானிக்கின் முன்னிலையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "விடுங்கள் சாமி" என்றார் அவர், காரைத் துடைத்தவாறே. மாற்றுச் சாவி இப்போது அவர் வீட்டில் இருக்கிறது.