உறுப்புகள் கூடிய கணினி

குடிபாலாவுக்குப் பணிமாறுதல் பெற்று வந்தபின், பாடக்குறிப்புகள் எழுதக் கணினி ஒன்று தேவைப்பட்டது. முழுமையாக விற்கப்படுவதை வாங்காமல், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி நானே பொருத்த விரும்பினேன். அவ்வாறு செய்தால், பின்னாளில் பழுதுறும் உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். செலவும் நம் அளவுக்குள் நிற்கும்.

காட்பாடியில் தொடர்வண்டி ஏறிச் சென்னைக்குச் சென்றேன். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மின்னணுப் பொருட்கடைகள் நெருங்கி அமைந்துள்ளன. செயலி, தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கி, பெட்டி ஆகிய ஆறையும் அங்கே வாங்கினேன். திரையும் விசைப்பலகையும் முன்பே என்னிடம் இருந்தன.

உறுப்புகளை வாங்கும்போது பொருத்தம் பார்த்தல் வேண்டும். டிடிஆர்4, டிடிஆர்5 என்னும் நினைவக அட்டைகள் இரண்டிற்கும் 288 தொடுமுனைகளே உள்ளன. எனினும், அவற்றின் விளிம்பிலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால், ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமராது. பகுபதமும் இத்தகையதே. ‘படி’ என்னும் பகுதி ‘த்’ என்னும் இடைநிலையை ஏற்றுப் ‘படித்தான்’ என்றாகும். ‘ஓடு’ என்பதோ ‘இன்’ ஏற்று ‘ஓடினான்’ என்றாகும்.

பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னேற்றத்தை நீக்கிய பின்னரே வேலையைத் தொடங்கினேன். செயலியின்மீது வெப்பப் பசை தடவி, அதன்மேல் குளிர்விப்பானைப் பொருத்தினேன். வெப்பம் வெளியேறாவிடில் செயலியின் வேகம் குன்றும்.

உறுப்புகள் பல நாடுகளில் செய்யப்பட்டவை. தமிழை நாமே அதில் சேர்த்தல் வேண்டும். தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையை நிறுவி, சொந்த ஊரிலுள்ள என் மகளுக்கு முதற்கடிதம் எழுதினேன். மாணவர்களே, உங்கள் வீட்டுக் கணினியிலும் அம்முறையை நிறுவி, பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.