கட்டத்துக்குக் கட்டம்

சென்னையில் ஒரு கல்லூரிக் கலையரங்கில் நடந்த சிறிய அனிமே விழாவுக்கு 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானியக் கதையின் நாயகன் தஞ்சிரோவாக வேடமிட்டுப் போயிருந்தேன். 2024-இல் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு காமிக் கான் விழா வந்தபோது பார்த்த நெரிசல் இங்கே இல்லை. ஒரு மேடை, சுவரோரம் சில ஸ்டால்கள், மூலையில் ஊக்கு, இரட்டைப் பக்க டேப், சூடாக்கிய க்ளூ கன் வைத்த மேசை. உடை கிழிந்தவர்கள் அங்கே போய் நின்றால் யாராவது ஒட்டிக் கொடுப்பார்கள். பெரிய விழாவில் படம் எடுத்துக்கொள்வதிலேயே பொழுது போய்விடும். இங்கே ஒருவர் உடையை இன்னொருவர் நிதானமாகப் பார்த்து, "இதை எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்க முடிந்தது. கேட்காமல் தொடக்கூடாது, கேட்காமல் படமெடுக்கக்கூடாது என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

தஞ்சிரோவைப் பார்த்ததுமே கண்ணில் படுவது பச்சையும் கறுப்பும் மாறி மாறி வரும் கட்டம் போட்ட ஹவோரி, அதாவது கிமோனோவுக்கு மேல் போடும் அங்கி. ஜப்பானில் இந்தக் கட்டத்துக்கு இச்சிமாட்சு என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் சனோகவா இச்சிமாட்சு என்ற கபுகி நடிகர் மேடையில் அணிந்து பிரபலமாக்கியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. கதையை வெளியிட்ட ஷுயேஷா நிறுவனம் தஞ்சிரோவின் கட்டத்தை வணிகச் சின்னமாகப் பதியக் கேட்டபோது ஜப்பானியக் காப்புரிமை அலுவலகம் 2021-இல் மறுத்தது. எல்லோருக்கும் பொதுவான பழைய கட்டம் அது. அதனால் இதை யாரும் தைக்கலாம். அச்சடித்த துணியில் தைத்தது ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. எனக்கு அச்சு வேண்டாம், ஒவ்வொரு கட்டமும் தனித்துணியாக இருக்க வேண்டும் என்று ஆசை.

எங்கள் தெரு டெய்லர் அண்ணன் முழுநேரமும் ஜாக்கெட் தைப்பவர். படத்தைக் காட்டியதும் அவர் முதலில் கேட்டது: "கை வெட்டே இல்லையா தம்பி?" இல்லை. கிமோனோ வகை உடைகள் குறுகலான துணியை நேர்கோட்டில் வெட்டி இணைப்பவை. அக்குள் வளைவு கிடையாது, டாட் பிடிப்பது கிடையாது. ஜாக்கெட்டில் ஒரு நூல் விலகினாலும் திட்டு வாங்குகிற மனிதருக்கு இது விளையாட்டாகத்தான் தெரிந்தது. அப்புறம் கட்டங்களை எண்ண ஆரம்பித்தார், முகம் மாறிவிட்டது. சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டினால் எந்த மூலையும் எந்த மூலையோடும் சேராது என்றார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மேட்சிங் சென்டரில் பச்சையும் கறுப்பும் ஒரே தரப் பாப்ளினாக எடுத்துவரச் சொன்னார். கறுப்பு சாயம் விடும், துணி சுருங்கும் என்று இரண்டையும் தனித்தனியாக நனைத்துக் காயவைத்தார். சதுரமாக வெட்டவேயில்லை. மூன்று அங்குலக் கட்டத்துக்கு மூன்றரை அங்குல அகலத்தில் நீளப் பட்டைகளாகக் கிழித்தார். இரண்டு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். பச்சை, கறுப்பு, பச்சை, கறுப்பு என்று பட்டைகளை நெடுக இணைத்தால் கோடு போட்ட ஒரு பெரிய துணி. அதைக் குறுக்கே மறுபடி மூன்றரை அங்குலமாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் கட்டங்கள் கோர்த்த ஒரு வரிசை. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைத் தலைகீழாகத் திருப்பி இணைத்தார். கட்டம் வந்துவிட்டது.

அதைவிட என்னை அசத்தியது இஸ்திரிப் பெட்டி வேலை. தையல் மடிப்பு எல்லாவற்றையும் கறுப்புத் துணிப் பக்கமாகவே சாய்த்து அழுத்தினார். வரிசையைத் திருப்பும்போது மேல் வரிசை மடிப்பு ஒரு பக்கமும் கீழ் வரிசை மடிப்பு எதிர்ப்பக்கமும் சாயும். இரண்டும் ஒன்றோடொன்று போய் மாட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே பூட்டியது தெரியும். அங்கே ஊக்கு குத்தித் தைத்தால் நாலு கட்டமும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. தோளும் கையும் சேரும் இடத்தில் மட்டும் ஒரு வரிசை தப்பியது. நான் கவனிக்கவேயில்லை. அவரே பிரித்து மறுபடி போட்டார்.

இப்படியொரு உடையைப் போட்டுக்கொண்டு கைவினைப் போட்டியில் நிற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பொதுவாக அந்தப் போட்டிகளில் அணிபவரே உடையைச் செய்திருக்க வேண்டும்; நடுவர்கள் விளிம்பைத் திருப்பி உள்தையலைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் காட்சிப் பிரிவில் மட்டும் பெயர் கொடுத்தேன். அட்டையில் கதாபாத்திரம், அணிபவர் என்று இரண்டே வரி இருந்தது. கீழே 'தையல்' என்று எழுதி அண்ணன் பெயரையும் போட்டேன்.

வேடமிடும் இந்தக் கலையில் தைத்தவர் பெயர் விடுபட்டுப்போவது பழைய கணக்கு. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு வேடமணிந்து வந்தவர் என்று ஃபாரஸ்ட் ஆக்கர்மன் பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். 'திங்ஸ் டு கம்' என்ற 1936-ஆம் ஆண்டுப் படத்தின் பாணியில் அவருக்கும் தனக்கும் சேர்த்து உடைகளை வடிவமைத்துத் தைத்தவர் அவரோடு வந்த மிர்ட்டில் டக்ளஸ். அவரும் அதே மாநாட்டில் வேடமணிந்துதான் நின்றார். ஊசி பிடித்தவர் பெயர் பின்னால் போய்விட்டது. நம் ஊர் விழாக்களிலாவது இது தொடக்கத்திலேயே சரியாக நடக்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். விக்கைச் சீவிக் கொடுத்த பார்லர் அக்கா, வாள் உறை செதுக்கிய நண்பன், எல்லோருக்கும் அட்டையில் இடம் வேண்டும்.

முழுக்கத் தன் கையாலேயே செய்தவர்களும் வந்திருந்தார்கள். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' கதையின் அல்போன்ஸ் கவசத்துக்குள் ஒரு பொறியியல் மாணவி. செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் ஈவா ஃபோம்தான் அத்தனையும். உடம்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றி, மேலே டேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, வெட்டி விரித்தால் அளவு கிடைத்துவிடுகிறது. விளிம்புகளைச் சாய்வாக வெட்டினால்தான் வளைவு வரும். "ரெண்டு பக்கமும் பசை தடவிட்டு உடனே ஒட்டக் கூடாதுண்ணா. விரல் வச்சா ஒட்டாத அளவுக்குக் காயணும். அப்புறம் ஒருதடவை பட்டாப் பிடிச்சுக்கும், திரும்ப எடுக்க முடியாது." பசை நெடிக்காக மொட்டைமாடியில் உட்கார்ந்து, மாஸ்க் போட்டுத்தான் எல்லாம் செய்தாராம். ஹீட் கன் பட்ட இடத்தில் ஃபோமின் துளைகள் மூடி, மேற்பரப்பு இறுகி மினுங்குகிறது. அதன்மேல் பெயின்ட் சீராகப் பிடிக்கும். தோள் கவசத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தார். எடையே இல்லை. தெருக்கூத்து ஆடுபவர்கள் அணியும் கட்டைகளைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவதும் இதற்காகத்தான். விடிய விடிய ஆடுகிறவன் தோளில் பாரம் ஏறக்கூடாது.

இன்னொன்றும் கவனித்தேன். முகத்தை வெளுப்பாக்கிக் கொள்ளாமல் தங்கள் நிறத்திலேயே வேடமிட்டவர்கள் நிறையப் பேர். விக்கும் உடையும் சரியாக இருந்தால் பாத்திரம் தானாக வந்துவிடுகிறது. இதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' படத்தைத் தமிழிலேயே தியேட்டரில் பார்த்த சிறுவர்கள் என்னைக் கண்டதும் "தஞ்சிரோ அண்ணா!" என்று ஓடிவந்தார்கள். என் நிறத்தைப் பற்றி ஒரு குழந்தையும் கேட்கவில்லை. வாள் நிஜமா என்றுதான் கேட்டார்கள்.

கவசம் செய்த மாணவிக்குத்தான் பரிசு; வேறு யாருக்குக் கொடுத்திருந்தாலும் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். என் அட்டையைப் படித்த மூன்று பேர் டெய்லர் அண்ணனைப் பற்றி விசாரித்தார்கள். அங்கிருந்தே அவருக்கு போன் போட்டேன். அவர் மூன்று நிபந்தனை சொன்னார்: துணியை நனைத்துக் கொண்டுவர வேண்டும், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த படம் வேண்டும், தீபாவளி ஜாக்கெட்டெல்லாம் கொடுத்து முடிக்கிறவரைக்கும் கடைப் பக்கமே வரக்கூடாது.