எண்ணெய்த் துணியில் பழகிய கை

பட்டாளத்துக்காரன் நாள் முழுக்கச் சுட்டுக்கொண்டே இருப்பான் என்று சினிமா நம்மை நம்ப வைத்திருக்கிறது. உண்மையில் ரேஞ்சில் தோட்டாவை எண்ணித்தான் கொடுப்பார்கள். சுட்டு முடித்ததும் வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் புல்லில் தேடிப் பொறுக்கி, எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்றைய சாப்பாடு தள்ளிப் போகும். துப்பாக்கி எங்களுக்குச் சுட்டுப் பழகியதைவிடத் துடைத்துப் பழகியதுதான் அதிகம்.

தருமபுரி மாவட்டத்து மொரப்பூரில் ரயிலேறி, மேட்டுப்பாளையம் போய், மலையேறி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவன் நான். எங்கள் கையில் கொடுத்தது இஷாப்பூரில் செய்த 7.62 எஸ்.எல்.ஆர். 1962 சீனப் போரில் நம் ஆட்கள் பெரும்பாலும் வைத்திருந்தது .303, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். அந்த அடிக்குப் பிறகு படைக்கு வந்ததுதான் எஸ்.எல்.ஆர். தோட்டா போடாமலே நாலு கிலோவுக்கு மேல். மம்பட்டி பிடித்துக் காய்த்த கைகளுக்கே முதல் வாரம் கூச்சமாக இருந்தது.

முதல் முறை சுட்டவனுக்கு மறுநாள் தோள்பட்டை கன்றிப்போயிருக்கும். குற்றம் துப்பாக்கியுடையதல்ல. உதைக்குமே என்று பயந்து கட்டையைத் தோளிலிருந்து அரை விரற்கடை விலக்கிப் பிடிப்பான். அந்த இடைவெளியில்தான் அது வேகம் பிடித்து வந்து இடிக்கும். தோள்குழியில் இறுக்கி அணைத்தவனை வெறுமனே பின்னால் தள்ளிவிட்டுப் போகும். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் தோட்டா இல்லாத துப்பாக்கியைப் பிடிக்கச் சொல்லி, குழல்மேல் ஒரு நாலணாக் காசை வைப்பார். காசு விழாமல் விசையை அழுத்த வேண்டும். இமை கொட்டினாலும் காசு விழும். சாயங்காலம் முழுக்க அதே வேலை. சுடாமலே சுடக் கற்றுக்கொண்டோம்.

அப்புறம் துடைப்பது. கோத் என்கிற ஆயுத அறைக்குப் போய், துப்பாக்கிக் கட்டையில் இருக்கும் பட் நம்பரைச் சொன்னால் அவரவர் துப்பாக்கி வரும். புல்த்ரூ கயிற்றில் துணியைச் செருகிக் குழலுக்குள் இழுத்து, வெளிச்சத்தில் கண் வைத்துப் பார்த்து, மறுபடி இழுத்து, கேஸ் பிளக்கின் கரியைச் சுரண்டி, மெல்லிசாக எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெய் கூடினாலும் திட்டு விழும், குறைந்தாலும் விழும். சில மாதம் போனதும் இருட்டில் வேறு யாருடைய துப்பாக்கியைத் தொட்டாலும் அது நம்முடையது இல்லை என்று விரல் சொல்லிவிடும். பெண்டாட்டி பெயர் சட்டென்று வாயில் வராத வயதிலும் பட் நம்பரை மறக்காத சிப்பாய்களை எனக்குத் தெரியும்.

பிறகு 5.56 இன்சாஸ் வந்தது. எஸ்.எல்.ஆரில் ஊறிய எங்களுக்கு அது பொம்மையாகத் தெரிந்தது, உதையே இல்லை. மேகசின் பிளாஸ்டிக்கில் இருந்ததால் உள்ளே தோட்டா இருப்பது வெளியிலிருந்தே தெரியும். அதில்தான் ஆபத்து. மேகசின் காலியாகத் தெரிந்தாலும் சேம்பரில் ஒன்று உட்கார்ந்திருக்கலாம். அதனால் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பு, மேகசினைக் கழற்று, காக் பண்ணு, சேம்பருக்குள் கண்ணால் பார் என்ற பழைய பாடம் இம்மியும் மாறவில்லை. இருபது வருஷம் பிடித்தவனும் நேற்று வந்த ரெக்ரூட்டும் அதையே செய்தார்கள். கைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பழகட்டும். “காலியாகத்தான் இருக்கும்” என்று பார்க்காமல் சொல்பவனை நான் பழகியவன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அவனை அதுவரை காப்பாற்றியது அதிர்ஷ்டம்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு வங்கியில் இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கியோடு காவலுக்கு நின்றேன். வந்தவர்களுக்குச் சலான் எழுதிக் கொடுத்ததுதான் பெரிய வேலை. இருந்தும் தினமும் காலையில் குழலை மடக்கி இரண்டு அறையையும் பார்த்த பிறகுதான் வாசலுக்குப் போவேன்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், நம் பக்கத்து மலையோரங்களில் காட்டுப்பன்றிக்கென்று இன்னும் ஒளித்து வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கிகள். “தாத்தா காலத்திலிருந்து கைக்குப் பழகினது” என்கிறார்கள். அதில் கழற்ற மேகசினும் கிடையாது, திறந்து பார்க்கச் சேம்பரும் கிடையாது. குழல்வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டுக் கிட்டிப்பது. போன மாதம் கிட்டித்து வைத்தவன் மறந்துவிட்டால், மூலையில் சாத்தியிருப்பதை எடுக்கும் பேரனுக்கு அது தெரிய வழியில்லை. கிட்டிக்கும்போதே வெடித்து விரல் போனவர்களும் உண்டு. இதற்கு மேல் சட்டமும் இருக்கிறது: ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

தானாக வந்து ஒப்படைப்பவர்கள்மீது வழக்கு இல்லை என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போலீசார் முன்பு அறிவித்ததுண்டு. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய் முதலில் விவரம் சொல்லுங்கள். துப்பாக்கியை நீங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். எப்படி எடுத்து வருவது என்பதை அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.