வேகத்திற்கு ஓர் இடம்

வேகத்தின்மேல் கொண்ட மோகத்தால் சாலையில் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் இடர் விளைவிப்போர் கனமான குற்றத்திற்கு ஆளாகின்றனர் என்பது திருச்சபையின் போதனை. 1992ஆம் ஆண்டில் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஐந்தாம் கட்டளையை விளக்குமிடத்தில், இதனைக் குடிவெறியோடு ஒருங்கே வைத்துப் பேசுகிறது. நம் குடும்பங்களிலோ குடி பாவமென்பதில் எவருக்கும் ஐயமில்லை. வேகம் மட்டும் இளங்கன்றின் துள்ளலாக மன்னிக்கப்பட்டுவிடுகிறது.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். அங்கே கண்டிக்கப்படுவது விரைந்து செல்லும் திறமை அன்று. அதனால் விளையும் இடரே. இந்த வேறுபாட்டை நூலறைக்கு வெளியே ஆராயும் கடமை நமக்கு வாய்த்தது. நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவருக்கு இருபத்திரண்டு அகவையில் ஒரே மகன். மோட்டார் சைக்கிளே அவனுக்கு உலகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் அவனோடு பந்தயம் விட்ட தோழனுக்கு நாமே அடக்கத் திருப்பலி நிறைவேற்றினோம். முப்பதாம் நாள் மன்றாட்டு முடிந்ததும் அத்தாய் நம்மிடம் வந்தார். "சாமி, இருங்காட்டுக்கோட்டையில பணம் கட்டினா வேகமா ஓட்டக் கத்துத் தர்றாங்களாம். போகவான்னு கேக்குறான். அனுப்பினா பாவமா?" என்றார். வண்டியை விற்றுவிடு என்பதே உறவினர் அனைவரின் அறிவுரை. விற்றால் மறுநாளே இன்னொருவன் வண்டியை இரவல் வாங்குவான். இளைஞரை நாம் அறிவோம். எனவே ஒரு சனிக்கிழமை அவனோடு நாமும் புறப்பட்டோம்.

முன்னாளில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்தன. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளம் 1990இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். தலைக்கவசம், தோலாடை, கையுறை, முழங்காலளவு காலணி இவையின்றி எவனும் உள்ளே நுழைய முடியாது. வண்டியின் பக்கக் கண்ணாடிகளை ஒட்டுநாடாவால் மூடச் சொன்னபோது வியந்தோம். எல்லோரும் ஒரே திசையில் செல்வதால் முன்னால் இருப்பதைப் பார்த்தால் போதுமாம். அங்கே எதிரே பேருந்து வராது, மாடு குறுக்கிடாது, பள்ளி செல்லும் குழந்தை சாலையைக் கடக்காது.

வேகத்தைக் கற்பிப்பார்கள் என்று எண்ணிச் சென்ற நாம் கண்டதோ, காலை முழுதும் பிரேக்குப் பாடம். வேகம் இருமடங்கானால் வண்டி நிற்கத் தேவையான தொலைவு நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்பவன் ஒரு நொடிக்குள் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறான். அவன் கை பிரேக்கைப் பற்றுமுன்னே ஓடிப்போகும் தொலைவு அது. டயர் தரையைத் தொடுமிடம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. அந்தச் சிறு பிடிப்பே நிறுத்தவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். இரண்டையும் ஒருசேர முழுமையாகக் கேட்டால் அது கைவிட்டுவிடும். ஆகவே புதிதாய்ப் பழகுவோர் நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்து, பின்னர் வளைந்து, வெளியேறும்போதுதான் முடுக்க வேண்டும்.

கண் எங்கே நோக்குகிறதோ வண்டி அங்கே செல்லும் என்பது அடுத்த பாடம். பள்ளத்தை அஞ்சி அதையே வெறிப்பவன் அதிலேயே விழுவான். போகவேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். (சோதனையைப்பற்றிக் குருமடத்தில் நம் ஆன்மத் தந்தையர் கூறியதும் இதுவே.) மஞ்சள் கொடி அசைந்தால் முந்தலாகாது, சிவப்புக் கொடி எனில் ஓட்டத்தை விட்டுத் திரும்ப வேண்டும். நகரத்துக் காவலரின் கையசைப்பை மதியாத பிள்ளைகள் அங்கே ஒரு துணித்துண்டிற்கு அடங்கியதைக் கண்டு நாம் நகைத்தோம்.

தளம் இடரற்றது என்று யாரும் மயங்க வேண்டாம். அதே இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஆகஸ்டில் நடந்த பந்தயத்தில் ஒரு சிறுவன் மாண்டான். பயிற்சி ஒன்று, போட்டி வேறொன்று. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய தெருக்களிலேயே கார்ப் பந்தயம் நடந்ததே என்பார் உளர். அவ்விரு நாளும் அவை தெருக்களாக இல்லை. போக்குவரத்தை நிறுத்தித் தடுப்புகள் எழுப்பிய பின்னரே கார்கள் ஓடின. விடியற்காலைக் கடற்கரைச் சாலையில் பால்காரருக்கும் மீன்கூடைக்காரிக்கும் எந்தத் தடுப்பும் இல்லை; பந்தயத்திற்கு இசைவா என்று அவர்களை எவரும் கேட்பதும் இல்லை.

பதினெட்டு நிரம்பாத மகனிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோர்க்கு ஒரு சொல். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அச்சிறுவன் புரியும் குற்றத்திற்குப் பெற்றோருக்கே மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு.

பாவமில்லை, அனுப்புங்கள் என்று அத்தாயிடம் கூறினோம். மகனுக்கு இரண்டு நிபந்தனைகள் விதித்தோம். பந்தயப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாகாது. பயிற்சி முடிந்ததும் தானே வண்டியோட்டித் திரும்பலாகாது. குருதி சூடேறியிருக்கும் அந்த ஒரு மணி நேரமே நமக்கு அச்சமூட்டியது. முதலில் முணுமுணுத்தான். இப்போது, மக்கள் 'குட்டியானை' என்றழைக்கும் சிறு சரக்கு வண்டியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக் கொண்டுவருகிறான். ஓட்டுநர் அருகில் அமர்ந்து, அவர் பிரேக்கைக் காலங்கடந்தே மிதிக்கிறார் என்று பூந்தமல்லிவரை குறைகூறி வந்தானாம்.