இரண்டு வரியில் ஒரு பாலைவனம்

பத்திரிகைத் தொழிலில் நான் விட்ட தவறுகளை ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தால் அது பல பாகங்களாக நீண்டிருக்கும். பெரும்பாலானவை மறந்துபோயின. ஒன்று மட்டும் மறக்கவில்லை. பத்திரிகையின் பெயரை இங்கு குறிப்பிட வேண்டியதில்லை, தவறு என்னுடையது.

1992ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். உலகச் செய்திப் பக்கத்திற்குப் பொறுப்பான உப ஆசிரியராக நான் கொழும்பில் கடமையாற்றிக்கொண்டிருந்தேன். யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக் குழு அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் கூடி, கம்போடியாவின் அங்கோரை உலக மரபுரிமைப் பட்டியலிலும் அதேவேளை ஆபத்துக்குள்ளான இடங்களின் பட்டியலிலும் சேர்த்திருந்தது. தமிழ் வாசகனுக்கு அங்கோர் என்றால் தனிப் பெருமை. நான்கு பத்தித் தலைப்பும் படமும் கொடுத்தேன். அசாமின் மானஸ் சரணாலயமும் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்திருந்தது. இந்தியச் செய்தி என்பதால் அதற்கும் ஓரளவு இடம் கிடைத்தது. எஞ்சியிருந்தது ஆபிரிக்காவில் உள்ள அயிர், தெனெரே இயற்கை ஒதுக்கிடங்கள் பற்றிய செய்தி. பக்கத்தின் அடியில் ஒன்றரை அங்குல இடம் மிஞ்சியிருந்தது. செய்தியை அடியிலிருந்து வெட்டு என்பது எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம். வெட்டினேன். இரண்டு வரி மிஞ்சியது. அந்த இரண்டு வரியிலும் நாட்டின் பெயரை நைஜீரியா என்று எழுதிவிட்டேன்.

மூன்று நாட்களின் பின்னர், இளைப்பாறிய புவியியல் ஆசிரியர் ஒருவர் குடையும் கையுமாக அலுவலகத்திற்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வெள்ளவத்தையில் மகள் வீட்டில் தங்கியிருந்தவர். வெட்டி எடுத்த பத்திரிகைத் துண்டை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நைஜர் வேறை, நைஜீரியா வேறை. அதையும் விடுவம். இந்தக் காடு எங்கடை இலங்கையை விடப் பெரிசு. இதுக்கு இரண்டு வரிதானோ கிடைச்சுது?"

காடு என்று அவர் சொன்னது பேச்சுவழக்கில். அங்கு காடு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஆனால் பரப்பளவு பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரி. 77,360 சதுர கிலோமீற்றர். நமது தீவு முழுவதையும் எடுத்து அதற்குள் வைத்தாலும் மிச்சம் இருக்கும்.

அவரிடம் பட்ட வெட்கத்தினால்தான் அந்த இடத்தைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நைஜர் நாட்டின் வடபகுதியில் சகாராவின் நடுவே கிடக்கிறது அது. மேற்கே அயிர் மலைகள். கல் நிறைந்த சமவெளியிலிருந்து திடீரெனச் செங்குத்தாக எழுந்து நிற்கும், ஏறக்குறைய வட்டவடிவான கருங்கல் திணிவுகள். கிழக்கே தெனெரே, மணலும் சரளையும் தவிர வேறொன்றும் கண்ணுக்கெட்டாத பெருவெளி. இரண்டும் சந்திக்கும் இடங்களில் பல நூறு அடி உயரமான மணற்குன்றுகள் மலையின் தோளில் சாய்ந்து கிடக்கின்றன. மலையின் உயரத்தில் வெயில் சற்றுத் தணிவதாலும், ஆண்டில் ஓரிரு மாதங்கள் சிறிது மழை விழுவதாலும், பாறைக் குழிகளில் நீர் தங்குகிறது. சகாரா பசுமையாக இருந்த காலத்தின் எச்சமாகக் காட்டு ஒலிவ மரங்கள் இன்னும் அங்கே உயர்ந்த சரிவுகளில் நிற்கின்றன. பாறைகளில் அக்காலத்து மனிதர் செதுக்கிய உருவங்கள் உண்டு.

இவை எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது அடாக்ஸ் எனும் மான். முறுக்கிய கொம்பு, மணலில் புதையாத அகன்ற குளம்பு, கோடையில் வெள்ளையாகவும் குளிர்காலத்தில் சாம்பல் கலந்த பழுப்பாகவும் மாறும் உடல். உண்ணும் புல்லிலும் செடியிலும் உள்ள ஈரமே அதற்குப் போதும். மாதக்கணக்கில் நீர் அருந்தாமல் வாழும். இந்த மானுக்கென்றே ஒதுக்கிடத்தின் உள்ளே பன்னிரண்டாயிரம் சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பகுதி தனிச் சரணாலயமாக வகுக்கப்பட்டது.

அங்கு மனிதரும் வாழ்கிறார்கள். பாலைவனம் என்றதும் 'ஆளரவமற்ற' என்று சேர்த்து எழுதுவது எங்கள் மேசையின் பழக்கம். ஆனால் மலையடிவார வரண்ட ஆற்றுப் படுக்கைகளில் துவாரெக் மக்கள் தோட்டம் செய்கிறார்கள். கிணற்றிலிருந்து தோற்பையில் நீரை இறைக்க மாட்டையோ ஒட்டகத்தையோ கட்டுகிறார்கள். தமிழகத்தில் இதையே கமலை என்பார்கள். 1988இல் ஒதுக்கிடம் பிரகடனம் செய்யப்பட்டபோது இந்த மக்களை வெளியேற்றவில்லை. அவர்கள் உள்ளே இருந்தபடியே காவலில் பங்காளிகளாக வேண்டும் என்பதுதான் திட்டம். 1991இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் கிடைத்தது.

ஆனால் அதற்கு முன்பே, 1990இல், துவாரெக் கிளர்ச்சி தொடங்கிவிட்டது. 1992 பெப்ரவரியில் ஒதுக்கிடத்தின் ஊழியர்கள் ஆறு பேர் பணயக் கைதிகளாகப் பிடிக்கப்பட்டனர். ஆபத்துப் பட்டியலில் சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். அன்று வந்த தந்திச் செய்தியின் கடைசிப் பந்தி அதுதான். அடியிலிருந்து வெட்டியபோது நான் வெட்டியெறிந்தது அந்த ஆறு பேரை.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. நான் அறியாதவனல்ல. 1985இல் வில்பத்துவில் பூங்கா ஊழியர்கள் கொல்லப்பட்டு, அந்தப் பூங்கா மூடப்பட்ட செய்தியை என் கையாலேயே பக்கத்தில் ஏற்றியவன் நான். யுத்தம் மூண்டால் காவற்காரன் முதலில் போவான், பிறகு விலங்கு போகும் என்பதை அருகிலிருந்து பார்த்தவன். அந்த ஆண்டுகளில் நமது மக்களின் காணாமற்போதல்கள் எந்தெந்த நாட்டுப் பத்திரிகைகளில் எந்த மூலையில் எத்தனை வரிகளில் வருகின்றன என்று அளந்து பார்த்துக் கசந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள். அதே அலுவலகத்தில், அதே மேசையில் இருந்துகொண்டு அந்தப் பந்தியை வெட்டினேன்.

திருத்தம் வெளியிட வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "இதற்கெல்லாம் திருத்தம் போட்டால் பக்கம் காணாது" என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஆசிரியர் மீண்டும் ஒருமுறை வந்தார். திருத்தம் வரவில்லையே என்று கேட்கவில்லை. பழைய அட்லஸ் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். தெனெரேயின் தனி மரத்தை அவர் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்.

அந்த மரத்தின் கதையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு வேறு மரமே இல்லாமல் நின்ற ஒரு வேலமரம். முப்பது மீற்றருக்கும் கீழே இருந்த நீரை அதன் வேர் தொட்டிருந்தது. உப்பு வணிகரின் ஒட்டகக் கூட்டங்களுக்கு அது வழிகாட்டி; தேசப்படங்களில் இடம்பெற்ற மரம். 1973இல் லொறி ஒன்று மோதி அதைச் சாய்த்தது. அவ்வளவு பெரிய வெளியில் மோதுவதற்கு இருந்தது அது ஒன்றுதான்! காய்ந்த மரம் நியாமேயிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அது நின்ற இடத்தில் இரும்பினால் ஒரு மரம் நிறுத்தப்பட்டது.

அங்கோர் 2004இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. மானஸ் 2011இல் நீங்கியது. அயிர், தெனெரே நீங்கவில்லை. 1995இல் சமாதானம் வந்தது. 2007இல் மீண்டும் கிளர்ச்சி. பிறகு தங்கம் தேடுவோரின் படையெடுப்பு. 2023இல் தலைநகரில் இராணுவப் புரட்சி. அயிரின் செங்கழுத்துத் தீக்கோழி அழிந்துவிட்டது. தாமா எனும் சிறுமான் மலைகளுக்குள் மிகச் சிலவாக எஞ்சியிருக்கிறது. அடாக்ஸ் அந்த ஒதுக்கிடத்திலிருந்து மறைந்து, தெற்கே தெர்மிட் பகுதியில் மட்டும் தங்கியது. அங்கும் 2016இல் விமானத்திலிருந்தும் தரையிலிருந்தும் தேடியவர்களின் கண்ணில் பட்டவை மூன்றே மூன்று.

ஆசிரியர் காலமாகிப் பல வருடங்களாகின்றன. அட்லஸ் என்னிடம் இருக்கிறது. அட்டை கழன்றுவிட்டதால் நூல் கட்டி வைத்திருக்கிறேன். அவர் கேட்ட திருத்தத்தை இப்போது வெளியிடுகிறேன். 1992 டிசம்பரில் உலகச் செய்திப் பக்கத்தின் அடியில் வெளியான சிறு செய்தியில் நைஜீரியா என்று இருப்பதை நைஜர் என்று திருத்தி வாசிக்கவும். அந்த நாட்டில் அப்போது ஆறு ஊழியர்கள் பணயக் கைதிகளாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளவும்.