நிரம்பி வழிந்த தொட்டி

அரபு மொழியில் ‘ஃபைள்’ என்றொரு சொல் உண்டு. நீர் நிரம்பி வழிவதே அதன் முதற்பொருள். அருட்பெருக்கு, வள்ளன்மை என்பனவெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. ஆனால் மழை குறைந்த பல்லடத்தில், மொட்டைமாடித் தொட்டி இரவெல்லாம் வழிந்து அண்டை வீட்டுச் சுவரை நனைக்குமாயின், அதனை ‘ஃபைள்’ என்று சொல்ல மனம் வருமா? அதற்குரிய சொல் ‘இஸ்ராஃப்’ என்பதே.

ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்னும் கருத்துடைய ஹதீஸ் இப்னு மாஜாவில் காணப்படுகிறது. அதன் அறிவிப்பாளர் வரிசையில் பலவீனம் உண்டென்பர் ஹதீஸ்கலை அறிஞர். இருக்கட்டும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில், அதாவது நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவில், உளூச் செய்தார்கள் என்பது புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி.

எங்கள் இல்லத்துத் தொட்டி வழியத் தொடங்கியபோது, வந்த குழாய்ப் பணியாளர் மோட்டாரைத் தானே நிறுத்தும் மிதவை சுவிட்சைக் குறை கூறிப் புதியதொன்றை மாட்டினார். வழிவது நிற்கவில்லை. மறுமுறையும் மாற்றினார்; பயனில்லை. மிதவை என்ன, பழமையான உபாயம்தானே! ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவரும் ‘கிதாபுல் ஹியல்’ என்னும் நூலில் மிதவையையும் வால்வையும் கொண்டு நீரை ஆளும் பொறிகளை விவரித்திருக்கின்றனர். அத்துணைப் பழகிய பொருளின் மீதே பழியைப் போட்டுவிட்டு அடுத்த காரணத்தைத் தேடாதிருப்பது சரியன்று.

ஓர் இரவு மோட்டாரின் மின்னிணைப்பையே துண்டித்து வைத்தேன். அன்றும் தொட்டி வழிந்தது. பின்னர் வழிந்த இரவுகளைக் குறித்து வந்ததில், அவை யாவும் தெருக்குழாயில் நகராட்சிக் குடிநீர் வந்த இரவுகளாகவே இருந்தன. அக்குழாயின் கேட் வால்வை மூடியதும் வழிவது நின்றது! தேடியபோது, சமையலறைத் தொட்டியடியில் குடிநீர்க் குழாயும் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயும் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தமை தெரிந்தது. வீட்டை நாங்கள் வாங்கும் முன்பே எவரோ செய்த வேலை. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் நீரை ஏறத்தாழ 10 மீட்டர் உயர்த்தும். எங்கள் தொட்டியோ தரையிலிருந்து ஐந்து மீட்டர்தான். ஆகவே, கீழிறங்க வேண்டிய குழாய் வழியாகவே நீர் மேலேறியிருக்கிறது. மிதவைக்கு இதில் வேலையே இல்லை.

வழிந்து வீணானதைவிட என்னை நடுங்க வைத்தது வேறொன்று. தெருக்குழாயில் நீர் நின்று அழுத்தம் இறங்கினால், எங்கள் தொட்டியிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் அவ்விணைப்பின் வழியே பொதுக்குழாய்க்குள் புகக்கூடும். தொட்டியின் மூடி விரிசல் கண்டது. மாடியில் புறாக்களுக்கும் குறைவில்லை. ஃபிக்ஹு நூல்கள் நீரின் தூய்மையைப் பேசியே தொடங்குகின்றன. தெருவார் நம்பிக் குடிக்கும் நீரில் நம் வீட்டு அசுத்தம் கலக்க விடலாமா?

ஒருவழி வால்வு வைத்தால் போதும் என்றார் பணியாளர். உப்புப் படியும் எங்கள் கிணற்று நீரில் அது எத்தனை மாதம் ஒழுங்காக மூடும்? இணைப்பையே அறுத்தெறியச் செய்து, குடிநீருக்கொன்று, புழங்கும் நீருக்கொன்று எனக் குழாய்கள் இரண்டு வைத்துக்கொண்டோம். அண்டை வீட்டுச் சுவருக்கும் நாங்களே சுண்ணாம்பு பூசிக் கொடுத்தோம்.

ஜும்ஆவுக்குப் பின் தெருவார் சிலரிடம் இதைச் சொன்னேன். மூன்று வீடுகளில் இதே இணைப்பு இருந்தது. இரண்டு வீட்டார் அறுத்துவிட்டனர்.