ஜாமீன் என்றால் விடுதலை இல்லை

பேப்பரில் இரண்டே வரிச் செய்தி வரும்: "நிபந்தனை ஜாமீனில் வெளியே வந்தார்." உடனே டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஒருவர், "அப்போ கேஸ்ல ஒண்ணுமே இல்ல போல" என்பார். பக்கத்தில் இருப்பவர், "எவ்வளவு கட்டினானோ..." என்பார். இரண்டு பேர் சொல்வதும் தப்பு!

ஜாமீன் அரபு மொழியில் பிறந்து உருது வழியாக வந்த சொல். 'பொறுப்பேற்பவர்' என்று அர்த்தம். (நிலத்தைக் குறிக்கும் பாரசீக 'ஜமீன்' வேறு. ஒரு துணைக்கால் கூடிப்போனால் ஜமீன்தார் ஜாமீன்தார் ஆகிவிடுவார், ஜாக்கிரதை!)

பி.காம் படிப்பவர்களுக்கு இந்த ஆள் புதியவர் இல்லை. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம், பிரிவு 126. கடன் வாங்குபவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர், "இவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று ஜாமீன் கையெழுத்துப் போடுபவர் மூன்றாமவர். கோர்ட்டிலும் அதே மூன்று பேர்தான். கடனுக்குப் பதிலாக ஒரு மனிதன். "கூப்பிடும்போது இவர் வருவார், வராவிட்டால் இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு" என்று ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்கிறார். பெரும்பாலும் அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்டுவது கிடையாது. ஆள் வராமல் போனால்தான் வசூல்.

ஆக, ஜாமீன் கிடைத்தால் வழக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வழக்கு அப்படியே இருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் குற்றவாளி இல்லை என்பதால் வெளியே இருந்து வழக்கைச் சந்திக்கிறார், அவ்வளவுதான். இதில் ஒரு வேடிக்கை: 1973-ம் வருட குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜாமீன் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியது. ஆனால் ஜாமீன் என்றால் என்ன என்று வரையறுக்கவே இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில்தான் அதற்கு ஒரு விளக்கம் வந்தது.

அடுத்த குழப்பம், "ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவில் வழக்கு" என்ற வரி. இதைப் படித்தால் ஆளுக்கு ஜாமீனே கிடையாது என்று தோன்றும். அப்படி இல்லை. சில குற்றங்களில் ஜாமீன் என்பது உரிமை. கேட்டால் போலீஸ் ஸ்டேஷனிலேயே கொடுக்க வேண்டும். மற்றவற்றில் அது உரிமை இல்லை, கொடுப்பதா வேண்டாமா என்று கோர்ட் பார்த்து முடிவு செய்யும். "கேட்ட உடனே கிடைக்காது" என்பதைத்தான் பத்திரிகைகள் "வெளிவர முடியாது" என்று எழுதுகின்றன.

இதெல்லாம் சொல் விளையாட்டு என்று நினைக்கலாம். ஆனால் "பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன்" என்று கோர்ட் உத்தரவு போட்ட பிறகும் உள்ளேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். காரணம், கையெழுத்துப் போட சொத்துள்ள இரண்டு பேர் அவர்களுக்குத் தெரியாது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அதாவது இன்னும் தீர்ப்பே வராதவர்கள்.

இது பழைய கதை. 1978-ல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. கீழ்க்கோர்ட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரையும் மறுத்துவிட்டது! வழக்கு மறுபடி டெல்லி போனது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகக் கேள்வி கேட்டு, ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பத்திரத்தின் பேரிலேயே விடச் சொன்னார்.

அதற்குப் பிறகு 45 வருடம் கழித்து, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே மறுபடி சொல்ல வேண்டி வந்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறை அதிகாரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். உறவினரோ நண்பரோ இப்படி மாட்டிக்கொண்டால் அந்த ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். பலருக்கு இது தெரியாது.

ஜாமீன் கேட்பவரிடம் கோர்ட் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கியமானது, "திரும்பி வருவாயா?" என்பது. "சொத்து இருக்கிறதா?" என்பது அதற்கு நிகரான கேள்வி ஆகாது. வாடகை வீடும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும், தினக்கூலி வேலையும் உள்ள ஒருவர் எங்கே ஓடிவிடப் போகிறார்? பாஸ்போர்ட்டும் வெளிநாட்டில் வீடும் வைத்திருப்பவருக்கு ஜாமீன்தாரர் கிடைப்பது சுலபம். ஓடுவதும் சுலபம்.